மூவாயிரம் வெள்ளி முதல் தேடித் தானா ராத்தாவுக்கு

மலைக்குப் போகிறவர்கள் உடம்பு தேற்றப் போவார்கள். துரைமார்கள் பந்தடிக்கப் போவார்கள். போன மாதம் நான் போனது பணமுள்ள ஒரு பங்காளியைப் பிடிக்க. கையில் நல்ல யோசனையும் பையில் ஓட்டையுமாக என்னைப்போல் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

யோசனை இதுதான். மலாயாவின் இந்த அவசரகாலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மதியச் சோற்றை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. அது காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். விடியலில் கஞ்சி குடித்துவிட்டு ஏறுகிறவர்கள், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு வெறும் வயிற்றோடு இறங்குகிறார்கள். குடியிருக்கும் லயத்துக்குப் போய் வர நேரம் பற்றாது. கொட்டகை தோட்டத்துக் காவல் வேலிக்குள் இருக்கிறது. அங்கேயே காவலர் கண்ணெதிரே ரொட்டியும் தேநீரும் விற்றால் என்ன? திரிங்காப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். மாதக் கடைசிக்குள் கடை திறக்காவிட்டால் அனுமதி செல்லாது.

பழைய வேன், ரொட்டி அடுப்பு, இரண்டு மாத மாவு, எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளி வேண்டும். தாப்பாவில் இருந்த என் மளிகைக் கடையை விற்றதில் கடன் போக எழுநூறு மிஞ்சியது. பேங்கில் நிலப்பத்திரம் கேட்டார்கள். நிலம் இருந்தால் நான் ஏன் ரொட்டி விற்கிறேன்? வட்டிக்குக் கொடுப்பவர் நகை கேட்டார். மனைவியின் கழுத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய், பிறர் தொழிலில் பணம் போடுவார் என்று ஒருவர் சொன்னார். கிளம்பிவிட்டேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ முப்பத்தெட்டு மைல். இஷ்டப்பட்ட நேரத்தில் போக முடியாது. காலை எட்டு மணிக்கு எல்லா வண்டிகளும் கான்வாய் என்ற வரிசையாக, முன்னும் பின்னும் கவச வண்டி காவலோடு கிளம்பும். டாக்சியில் ஓர் இடம் ஆறு வெள்ளி. லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்று. நான் காய்கறி ஏற்றப் போகும் மாணிக்கத்தின் லாரியில் ஏறினேன்.

வெறுங்கையோடு போகக்கூடாதே என்று பாய்க்கு ஒரு டின் பால் வாங்கி வைத்திருந்தேன். மாணிக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தான். “முதலாளி, அத மத்தா பாத்தான்னா ஓட்டை போட்டுருவான் லா. காட்டுக்காரனுக்கு வச்சுக் குடுக்க முடியாம கெட்டுப்போவணும்ல?”

அவன் சொன்னபடியே சோதனைச் சாவடிப் போலீஸ்காரர் டின்னின் தலையில் இரண்டு குத்து குத்தி, மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அது சாயாமல் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடிதான் மலையேறினேன்.

வளைவு, வளைவு, மறுபடி வளைவு. பாதி வழிக்கு மேல் மூங்கில் காடு பின்னால் நழுவி, மேகம் சாலைக்கு இறங்கிவந்தது. முன்னால் போன கவச வண்டி முதலில் சாம்பல் நிறமானது, பிறகு வெறும் சத்தமானது. சத்தமும் ஈரத்தில் ஊறி எங்கோ தூரத்து ஆற்றைப் போலக் கேட்டது. பயப்பட வேண்டிய இடம் என்று தெரியும். ஆனால் தூங்கி எழுந்த குழந்தையைப் போல மனம் எதிலும் ஒட்டாமல் மிதந்தது. ரிங்லெட் தாண்டியபோது மேகம் ஓர் இடத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியே, சீப்பால் வாரி விட்டதுபோல் தேயிலைச் சரிவு ஒன்று தெரிந்தது. அதில் தலைத்துணி கட்டிய நாலைந்து உருவங்கள் பாதி உடம்போடு நகர்ந்தன. மறுபடி எல்லாம் மூடிக்கொண்டது.

“மலைக்குப் போயி காசு பறிக்கப் போறீங்களா?” என்றான் மாணிக்கம். “இங்க கொழுந்து ஒண்ணுதான் முதலாளி பறிக்கலாம். அதுக்கும் கணக்கெழுதுற கிராணி எடையில கழிச்சுருவான்.”

பதினொன்றரைக்கு இறங்கினேன். பாயின் கடைக்குள்ளேயும் மேகம் இருந்தது. ஆவி எது, பனி எது என்று பிரித்தறிய முடியவில்லை. பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பால் டின்னை வாங்கி ஓட்டைகளைப் பார்த்து, “முப்பத்தெட்டு மைலும் இதப் புடிச்சுக்கிட்டா வந்தீங்க, தம்பி?” என்றார். அந்தப் பாலிலேயே எனக்குத் தேநீர் ஆற்றினார். தொழிலைச் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். நல்ல சகுனம் என்று நினைத்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்த முத்தாய்ப்பை எடுத்துவிட்டேன்.

“பாய், உங்க முதலுக்கு நான் முழுப் பொறுப்பு. லாபமோ நட்டமோ, மாசம் அறுபது வெள்ளி தவறாம வந்துரும்.”

தலையாட்டல் நின்றது. தொகை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். “எழுபது!” என்றேன்.

“தம்பி, வட்டி திங்கிறவன்னு யாரு சொன்னா என்னைய?”

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வழக்கத்தில் பணம் போடுகிறவன் நட்டத்துக்கும் தோள் கொடுப்பான். உழைக்கிறவன் உழைப்பை இழப்பான். லாபம் வந்தால் பேசினபடி பிரித்துக்கொள்வார்கள். முதலுக்கு உத்தரவாதமும் மாதக் கணக்கும் சொன்னால் அது வட்டிக் கடன், அவர்களுக்கு ஆகாதது. கடன் கேட்டே பழகிய வாய் எனக்கு. கீழே தாப்பாவில் எவரையும் இழுத்திருக்கும் அதே வார்த்தை இவரை எழுந்துபோக வைத்தது. தொழுகைக்குப் போய்விட்டார்.

அன்று இறங்கும் கான்வாய் இல்லை, மாணிக்கத்தின் லாரியும் மறுநாள்தான் திரும்பும். ஊரடங்கு வேறு. பாய் கோபத்திலும் மாடியில் ஒரு கட்டிலும் கம்பளியும் கொடுத்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலை, “இன்னைக்கு இறங்குற கான்வாய் ரெண்டு மணிக்குத்தான். அந்தக் கொட்டகையக் காட்டுங்க, பாத்துட்டு வருவோம்” என்றார்.

டாக்சியில் எட்டு மைல். தோட்ட வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனோம். பதினொன்றரை மணிக்குச் சங்கு ஊதியது. சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையிலிருந்து முதலில் இருமல் வந்தது, பிறகு பேச்சு, பிறகு கூடைகள், கடைசியாக ஆட்கள். நிறுவைக்கு நின்ற பெண்களில் ஒருத்தி குழாயடியில் குனிந்தாள். கை கழுவுகிறாள் என்று நினைத்தேன், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

“இங்க ரொட்டி வித்தா வாங்குவியாம்மா?” என்று கேட்டார் பாய்.

“எத்தன காசு? பதினஞ்சுன்னா நான் வாங்கிருவேன், என் பக்கத்து வீட்டுக்காரி முகர்ந்து பாத்துட்டுப் போவா” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பதினைந்துதான் நான் போட்டு வைத்திருந்த விலை.

பாய் என்னைத் தனியாக அழைத்தார். “இது எப்படிக் கெடும், சொல்லுங்க.”

இந்த முறை மனப்பாடம் ஒன்றும் இல்லை. “கான்வாய் தாமதிச்சா மாவு வராது. மிஞ்சுன ரொட்டிய யாரு கையிலயும் குடுத்தனுப்பக் கூடாது, எண்ணி ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகணும். மறுநாள் அது கல்லு. சோத்துத் தடைய எடுத்துட்டா, அன்னைக்கே கடைய மூட வேண்டியதுதான், பாய்.”

“அப்ப தடை போகணும்னு கும்பிடுவீங்களா, நீளணும்னு கும்பிடுவீங்களா?”

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பும் வழியில் அவர் சொன்ன பேச்சு இது: முதலில் என் எழுநூறோடு அவர் ஆயிரம்தான். புது அடுப்பு வேண்டாம். அவர் கடை அடுப்பில் விடியுமுன் சுட்டுக்கொள்ளலாம். வேனை வாடகைக்கு எடுக்க வேண்டும். மூன்று மாதம் ஓடினால் மீதி ஆயிரத்து முந்நூறு. லாபம் பாதிக்குப் பாதி. பண நட்டம் அவரவர் போட்ட அளவுக்கு. ரொட்டியும் தேநீரும் சேர்த்துப் பத்துக் காசு.

“பத்துல எனக்கு என்ன மிஞ்சும் பாய்?”

“பசிச்ச ஆளு, வெளிய போக முடியாது, இருக்கிறது உங்க ஒரு கடை. இதுல பதினஞ்சு வச்சுட்டு நான் பள்ளிவாசல்ல எந்த முகத்தோட நிக்கிறது?”

கான்வாய் வரிசை கட்டிவிட்டது. மாணிக்கம் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு முன்னால் எனக்கு இடம் பிடித்து வைத்து ஹார்ன் அடித்தான். பத்துக் காசென்றால் வேன் வாடகை போக என் பங்கு பழைய மளிகைக் கடை வரும்படியில் பாதி. வேண்டாம் என்றால் எழுநூறு வெள்ளியும் செல்லாத அனுமதியும். “பத்து” என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டு ஏறினேன். கீழே வரும்வரை மேகம் கலையவில்லை. ஒரு வளைவில் லாபம் தெரிந்தது, மறு வளைவில் மறைந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அரிசி, டின் சாமான் எதுவும் கொண்டுபோக வேண்டாம். கம்பளிச் சட்டை அவசியம். தாப்பாவில் ஏழு மணிக்கே நின்றால்தான் லாரியில் இடம். ஒரு நாள் தங்குவதாகவே போங்கள்; பணம் போடுகிறவர் முதல் நாள் உங்கள் பேச்சைப் பார்ப்பார், மறுநாள்தான் தொழிலைப் பார்ப்பார். போகுமுன் கடன் கேட்கிறீர்களா, கூட்டுக் கேட்கிறீர்களா என்று உங்களுக்கே தெரிந்திருக்கட்டும். தொழில் எங்கே கெடும் என்பதை அவர் கேட்குமுன் சொல்லுங்கள். முழுத்தொகை கிடைக்காவிட்டால் மனம் கசக்க வேண்டாம். சின்ன முதல் சின்ன அடுப்பில் வேகும்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு கடை திறந்தோம். மேகத்திலிருந்து இறங்கி வந்த ஒருத்தி ரொட்டியைப் பிய்த்தாள், பாதியைத் தின்றாள். மீதிப் பாதி அவளையறியாமல் இடுப்புத் துணிக்குள் போனது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் இருமினார். அவள் அதை வெளியே எடுத்து, என் தட்டில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

“லயத்துல புள்ள இருக்குங்க” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

லயம் வேலிக்குள்தான் இருக்கிறது. துரையிடம் மறுபடி போய் நின்று அதற்கும் அனுமதி வாங்கினேன். இப்போது கொட்டகை மூடியதும், மிஞ்சியதை எண்ணிக் காட்டிவிட்டு, வேன் லயத்துக்குப் போகிறது. அங்கே ஐந்து காசு. கல்லாகிற ரொட்டி இப்போது மிஞ்சுவதே இல்லை.