காலியாக இருந்த கட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சின்ன மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு பஸ்ஸில் போனோம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். படித்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. பேசுவதற்கென்றே என் வீட்டுக்காரரின் அக்காவைக் கூட்டிப்போனேன். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தடுப்பூசி கார்டு கேட்டார்கள்.

"எங்க வூட்டுக்கு ஊசியே ஆவாதும்மா," என்றார் அண்ணி. "மூத்த பொண்ணு அம்மை ஊசி போட்டுத்தான் பூட்ச்சி. ஊசி போட்ட ஒடம்புல ஆத்தா எறங்கினா தாங்குமா?"

"கார்டு இல்லாம சேக்க முடியாதும்மா."

"இன்னா, சட்டமா? போலீசு வந்து புடிச்சிகினு பூடுமா?"

"சட்டமோ இல்லையோ, எங்க ஸ்கூல்ல இதுதான் ரூல். நாப்பது பிள்ளைங்க ஒரே ரூம்ல உக்காருதுங்க. ஊசி போட்டுட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் சீட் வச்சிருக்கேன்."

"எந்திரி. ஊர்ல வேற ஸ்கூலா இல்ல?" என்று அண்ணி என் தோளைத் தட்டினார்.

நான் எழுந்திருக்கவில்லை. மூத்தவளின் கார்டு என் பையில் இருந்தது. அதையே சின்னவளுடையது என்று காட்டிவிடலாம் என்றுதான் எடுத்துப்போயிருந்தேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது செத்துப்போன பொண்ணோடதுங்க. அம்மை ஊசி அவளுக்குப் போடவே இல்ல."

கார்டில் அம்மை ஊசிக்கான ஒன்பதாம் மாதக் கட்டம் காலியாகவே இருந்தது. அவளுக்கு ஒன்பது மாதம் ஆனது ஆடியில். கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, ஊசி குத்தி ரத்தம் காணக் கூடாது. திருவிழா முடிந்து போகலாம் என்று இருந்தோம், போகவில்லை. மூன்றாம் வயதில் தட்டம்மை கண்டு, நெஞ்சில் சளி கட்டி, என் மூத்தவள் போய்விட்டாள். திருவிழாவுக்குப் பிறகு போட்டிருப்பேன் என்று நினைத்து, ஊசியால்தான் போனாள் என்று வீட்டில் எல்லாரும் பேசினார்கள். இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் சின்னவளுக்கு ஒரு ஊசியும் இல்லாமல் போனது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கார்டைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "காப்பு கட்டிட்டாங்க, போவாதன்னு சொன்னது நான்தானேடி?"

"ஆமா அண்ணி."

"ஏன்டி இத்தினி வருஷம் சொல்லல?"

"என்னான்னு சொல்றது அண்ணி? நீங்க போவாதன்னீங்க. நானும்தான் போகல."

நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அன்று சின்னவள் வயதுக்குப் போடக்கூடிய ஊசிகளைப் போட்டு, புதிய கார்டு எழுதிக் கொடுத்தார்கள். நர்ஸ் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிடித்துக்கொண்டேன். அவள் அழுத அழுகையில் என் தோள் புடவை நனைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்.