இரண்டு நாற்காலிக்கு ஒரே சார்

திருச்சுழியிலிருந்து வரும் பஸ் டவுனுக்குள் நுழைந்ததும் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கல்வி மாவட்ட அலுவலகம் அங்கேதான் இருந்தது. இப்போது மெத்தைக் கடை. நேற்று ஜன்னல் வழியாக எல்லோருக்கும் புதுப் பஞ்சின் வாடை வந்திருக்கும். எனக்கு மட்டும் சாக்பீஸ் வாடை. அலுவலகத்தில் ஏது சாக்பீஸ் என்று கேட்பீர்கள்.

எங்கள் சார் கொண்டுவந்தது அது. கல்வி அலுவலர் பணியிடம் காலியானால், ஏதாவது ஒரு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் தலையில் கூடுதல் பொறுப்பைக் கட்டிவிடுவார்கள். இவர் காலையில் தன் பள்ளிக்குத் தலைமையாசிரியர். மத்தியானம் வேகாத வெயிலில் வண்டியில் வந்து இறங்கினால், எல்லாப் பள்ளிகளுக்கும் அதிகாரி. சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருக்கும். உட்காரவே மாட்டார். நின்றபடி கையெழுத்து, நடந்தபடி போன். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளரான நானும் காலில் சக்கரம் கட்டியவள்தான். இரண்டு பேரையும் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும்.

அந்த வருஷம் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. சாருடைய பள்ளியில் ஏட்டளவில் இரண்டு பேர். அதில் ஒருவர் பிரசவ விடுப்பு. மிச்சமிருந்தவரை அங்கே அனுப்பும்படி அதிகாரியாக உத்தரவு போட்டார். மறுநாள் தலைமையாசிரியராக ஆட்சேபித்து அவரே கடிதம் எழுதினார். அதற்கு முத்திரை குத்தி அவர் முன்னால் வைத்தவள் நான். யாரோ எழுதியதைப் போலப் பொறுமையாகப் படித்துவிட்டு, 'ஏற்க இயலாது' என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதம்மா. காலையில எழுதுனதும் நெசந்தான், இப்ப எழுதுறதும் நெசந்தான். நம்ம டீச்சரு லீவு முடிஞ்சா வந்துருவாக. அங்க வாரதுக்கே ஆளு இல்ல."

நியாயம்தான். சொந்தப் பள்ளிக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சுக்குப் பயந்தாரோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். இன்றுவரை அது தீரவில்லை.

அந்த வாரமே, அவர் பள்ளியில் பத்தாவது படிக்கும் பிள்ளை ஒருத்தியின் அம்மா வந்துவிட்டார். வீட்டுக்காரர் துபாயில்.

"ஹெட்மாஸ்டரும் நீங்க, ஆபீசரும் நீங்க. நாங்க யாருகிட்டப் போயி சொல்ல?"

"என்கிட்டத்தாம்மா சொல்லணும்."

சொன்னார். வாசல்வரை கேட்கிற மாதிரிச் சொன்னார். சார் அன்றுதான் அசையாமல் ஒரே இடத்தில் நின்றார். கடைசியில், "நானே கணக்கு எடுக்கேன்" என்றார்.

"நீங்க சரித்திர வாத்தியாருல்ல?"

சொன்னபடி எடுக்கத்தான் செய்தார். பொதுத் தேர்வில் அந்த அம்மாவின் மகள் கணக்கில் தவறிவிட்டாள்.

தேர்ச்சி குறைந்த பள்ளிகளுக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். "ஒங்க பள்ளிக்கூடத்துக்குமா சார்?" என்று இழுத்தேன்.

"அதுக்குத்தான் மொத மெமோ."

மறுநாள் பதிலை அவரே கையில் கொண்டுவந்தார். 'ஆசிரியரை அனுப்பியது நான். தவறும் என்னுடையதே.' அவ்வளவுதான். அதை என்னிடம் கொடுத்த கையோடு திருச்சுழிப் பக்கம் கிளம்பினார். தான் அனுப்பிய அதே கணக்கு ஆசிரியரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். துணைத் தேர்வில் அவள் தேறிவிட்டாள்.

பிறகு கல்வி மாவட்டங்களை மாற்றியமைத்தபோது எங்கள் அலுவலகம் இல்லாமல் போனது. ஆசிரியர்களை இப்போதும் மாற்றுகிறார்கள். உத்தரவு கணினியில் வந்து விழும். பள்ளிகளுக்கு அனுப்பிவைக்கும் பிரிவில் நான் இருக்கிறேன். போன வாரம் ஒரு தகப்பனார் போன் செய்தார்.

"எங்க பிள்ளைகளோட வாத்தியார எடுத்துட்டீகளேம்மா. இந்த ஆர்டரு போட்டது யாரு?"

எனக்கும் தெரியவில்லை.