தேத்தா நன்றி சொல்லிவிட்டு வந்த நாள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் வைத்து, அம்மாவின் கையிலிருந்த ரோல்ஸ் பெட்டியைத் தேத்தா வாங்கிக்கொண்ட கணம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அம்மா நீலப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். எனக்குக் கோயிலுக்குப் போடும் சட்டை. காலையில் பொரித்த மரக்கறி ரோல்ஸின் மணம் படிகளில் எங்களுக்கு முன்னே இறங்கிக்கொண்டிருந்தது. "எங்க போறியள் இதோட?" என்று கேட்டார் தேத்தா. ஆறாம் வகுப்பு ஆசிரியர் கூப்பிட்டிருக்கிறார், பிள்ளை அடுத்து எந்தப் பள்ளிக்குப் போவது என்று சொல்லப்போகிறார், அதற்கு நன்றி சொல்லப் போகிறோம் என்றார் அம்மா. தேத்தா பெட்டியைத் தன் வீட்டுக் கதவுக்குள்ளே வைத்தார். "இதை அங்க கொண்டுபோகாதை. பிறகு நாங்களே தின்னுவம். நில்லு, நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன்."

தேத்தா என்றால் குரோஷிய மொழியில் அத்தை. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்களுக்குக் கீழ்வீடு அவர்களுடையது. அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்தது வேலையிடங்களில் பொறுக்கிச் சேர்த்த ஜேர்மன் மட்டும்தான். ஆனால் அவர் பேசியதெல்லாம் எனக்கு அம்மாவின் தமிழாகவே நினைவில் நிற்பதால் அப்படியே எழுதுகிறேன். தேத்தா நூல் ஆலையில் வேலை செய்தார். அது ஆட்களைக் குறைத்த பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை. அவருடைய கணவர் மலைகளைக் குடைந்து ரயிலுக்கு வழி விடுகிற வேலைக்குப் போய், வாரக் கடைசியில்தான் வீடு வருவார். இன்றைக்கும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து காது அடைக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படிகளில் கேட்ட அவருடைய இருமல் எனக்கு ஞாபகம் வரும். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து திரும்பும்வரை நான் தேத்தாவின் சமையலறையில்தான் இருப்பேன். அவருடைய ஒரே மகன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மாலா என்பார். அவர்கள் பேச்சில் அது சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். எங்கள் சொந்தக்காரர்கள் அதை என் பெயரென்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கு நடக்கும் வழியில்தான் தேத்தா அம்மாவுக்குக் காரணத்தைச் சொன்னார். மகன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவரையும் கணவரையும் இதே ஆசிரியர் இப்படித்தான் அழைத்திருந்தார். அவர்கள் ஊரில் ஆசிரியரிடம் வெறுங்கையோடு போவதில்லை. அதனால் வால்நட் அரைத்து வைத்துச் சுருட்டிய ரொட்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு, தேவாலயப் பூசைக்குப் போகும் உடுப்பில் போனார்கள். மகனை 'றியால்' பள்ளிக்கு அனுப்பலாம் என்றார் ஆசிரியர். அது கீழ்ப் பிரிவு. அதில் படித்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் பழகத்தான் போவார்கள். ஆசிரியர் முடிவெடுத்துவிட்டார், நாங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்றே இருவரும் நினைத்தார்கள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். மறுநாள் ஆலையில் கூட வேலை செய்த இத்தாலியப் பெண்ணிடம் தேத்தா இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவள் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாளாம்: "நீ ஒண்டும் கதைக்கேல்லையோ? உன்னைக் கதைக்கத்தானே கூப்பிட்டவை!" இந்த நாட்டுப் பெற்றோர் அந்த மேசைக்குப் போவது வாதாட. வாதாடாதவர்கள் சம்மதித்தவர்கள் என்று கணக்கு. அது தெரிந்தபோது மகனுக்குப் பள்ளி முடிவாகிவிட்டது.

எங்களோடு வந்த தேத்தா சின்ன நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் ஒழுங்கான பிள்ளை, அமைதியான பிள்ளை, வீட்டில் ஜேர்மன் பேசாததால் றியால்தான் எனக்குச் சுமையாக இருக்காது என்றார் ஆசிரியர். அம்மா தலையாட்டத் தொடங்கியிருந்தார். தேத்தா அம்மாவின் முழங்காலில் கையை வைத்தார். "நாங்கள் சம்மதிக்கேல்லை" என்றார். பழகி வைத்திருந்த வாக்கியம் அது. ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. என் புள்ளிகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார். ஆசிரியர் பொறுமையாகச் சிரித்து, புள்ளி மட்டும் போதாது என்றார். அப்போதுதான் தேத்தா அதைச் சொன்னார்.

"என்ர மகனை உங்களுக்குத் தெரியும். இப்ப பூச்சு வேலை பழகிறான். தொழிற்பள்ளிக் கணக்கு அவனுக்கு வராது. இந்தப் பிள்ளைதான் சொல்லிக் குடுக்கிறவள். அவனை அனுப்பின இடத்துக்கே இவளையும் அனுப்பினால் அது சரியோ?"

பொய்யில்லை. சுவரின் பரப்பில் கதவையும் யன்னலையும் கழிக்கும் கணக்கில் அண்ணா தடுமாறுவார். சமையலறை மேசையில் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முதுகை நேராக்கி உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னைக் கவனித்துப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கன்டிப் பள்ளிக்கு அவர் என்னைப் பரிந்துரைத்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா டாவோஸ் ஹோட்டல்களில் கோப்பை கழுவியவர். நான் இப்போது ஆசிரியை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன நாற்காலி உறுத்துகிறது. ஒரு தாய் தன் பிள்ளையைக் கீழே வைத்து, என்னை அதன்மேல் ஏற்றி நிற்க வைத்தார். பன்னிரண்டு வயதில் எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிய பிறகு, அதற்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. தேத்தா இப்போது குரோஷியாவில், ஒசியெக்குக்குப் பக்கத்தில், கோடை விடுமுறைதோறும் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீட்டில் தனியே இருக்கிறார். அவருடைய வரவேற்பறையில் என் பட்டமளிப்புப் படம் மகனின் கல்யாணப் படத்தைவிடப் பெரியதாக மாட்டியிருக்கிறது. அங்கே போயிருந்தபோது அதற்கு முதுகு காட்டும் நாற்காலியைத்தான் தேடி உட்கார்ந்தேன்.

இந்த வருடம் நான் சிறிய வீடொன்று வாங்கினேன். அதன் சீலிங்கைப் பூச அண்ணா சனிக்கிழமைகளில் வந்தார். அவருடைய மகள் ஆறாம் வகுப்பில், வேறொரு பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் சந்திப்பு வருகிறது என்று அறிந்ததும், நானும் கூட வருகிறேன் என்றேன். கடைசியில் அந்தக் கடனைத் தீர்க்க எனக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "பாப்பம், மாலா" என்றார். என்ன கதைக்கவேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வந்து ஏணியை விரித்தபடியே சொன்னார், "அது முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை போனனான்."

"சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"வேலை உடுப்போடயே போனன். அவையின்ர கதிரையெல்லாம் வெள்ளையாப் போச்சு. ரீச்சர் பாவம், ஒண்டும் சொல்லேல்லை."

றியாலுக்கும் கன்டிக்கும் இடையிலிருக்கும் நடுப்பிரிவு என்றாராம் ஆசிரியை. சம்மதமில்லை என்றிருக்கிறார் அண்ணா. கொப்பிகளையெல்லாம் எடுத்துப் பார்த்து நெடுநேரம் கதைத்திருக்கிறார்கள். பிறகு அண்ணா மகளையே கேட்டிருக்கிறார். ஒரு வருடம் நடுப்பிரிவில் இருந்து பார்க்கிறேன், முடிந்தால் மேலே மாறுகிறேன் என்றாளாம் அவள். "எனக்கும் அது சரி எண்டு பட்டுது" என்றார்.

எனக்குப் போதவில்லை. "நான் வந்திருந்தால் கன்டிக்கே விட்டிருப்பினம்."

பூசிக்கொண்டிருந்த அவருடைய சாந்தகப்பை நின்றது. "வந்து என்ன சொல்லியிருப்பாய்? தகப்பனுக்குக் கணக்கு வராது எண்டோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"அம்மா அண்டைக்கே சொல்லிப்போட்டா. அழுதழுது சொன்னவ."

"கோவம் வரேல்லையோ?"

"வந்தது. ஒரு கிழமை அவவோட கதைக்கேல்லை. பிறகு பசிச்சுது."

நான் மன்னிப்புப் போல ஏதோ தொடங்கினேன். அவர் ஏணியிலிருந்தபடி என்னைக் குனிந்து பார்த்தார். "நீ என்ன, நான் கெட்டுப்போனன் எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? என்னட்டை நாலு பேர் வேலை செய்யினம், மாலா. உன்ர தலைக்கு மேல இருக்கிறதும் நான் பூசினதுதான்."

ஓம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அவருக்காக வருந்தியதாக நினைத்து, அவருடைய வாழ்க்கையை என் படிப்புக்குக் கொடுத்த விலையாக எண்ணி வைத்திருந்தேன். அவருடைய மகளையும் அந்த எண்ணத்தோடுதான் மீட்கப் புறப்பட்டிருந்தேன். தேத்தா அந்த மேசையில் அவரைக் கீழே வைத்தது ஒரே ஒரு முறை. அதற்காக அழவும் செய்தார். நான் அவரை அங்கேயே வைத்திருந்தேன்.

"அந்த விளக்கை எடு" என்றார். "சீலிங்கோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடி. கையை ஆட்டாதை. கதைக்காதை."

பிடித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போனபோது, கண்ணுக்கு வழவழப்பாக இருந்த பூச்சில் சின்னச் சின்ன மேடுகள் நிழல் விட்டன. அவர் ஒவ்வொன்றாகத் தேடித் தேய்த்துக்கொண்டே போனார். என் தோள் வலித்தது. இறக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.