அத்தைக்கு நான் கட்டிய ஏழு படிகள்

உங்கள் அத்தை மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரது நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. தம்பி என்ற முறையில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். நான் பத்தாவது வரை படித்தவன், அழகாக எழுத வராது. பிள்ளைகளாகிய உங்கள் இருவருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அத்தை திருவரங்குளம் பக்கத்தில் நம் ஊரிலேயே பிறந்தார். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது, அத்தைக்குப் பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எனக்குச் சோறாக்கிப் போட்டார். மீமிசல் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா சீக்கிரமே காலமாகிவிட, பிள்ளையில்லாமல் திரும்பி வந்தார். முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனார். காலை முதல் சாயங்காலம் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருபது வருடம். நான் சிங்கப்பூர் போனது அந்த உழைப்பில். அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதும் அந்த உழைப்பில்தான்.

நான் திரும்பி வந்து, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட நினைத்தபோது, புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்டை அமர்த்தினேன். நம் ஊரில் கொத்தனார் சொல்கிறபடிதான் எல்லோரும் கட்டுவார்கள். வரைபடம் போட்டுக் கட்டினால் மதிப்பு என்று நினைத்தேன். வந்தவர் இளவயதுப் பெண். ஊரார் இன்ஜினியரம்மா என்று கூப்பிட்டார்கள். இடத்தை அளந்து முடித்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அத்தையிடம் போனார்.

"அம்மா, இந்தச் செவுத்தப் பிடிச்சுக்கிட்டுக் காலைத் தூக்குங்க. வலிக்காம எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தாயி, வீட்ட அளக்க வந்தியா, என்னைய அளக்க வந்தியா?"

இன்ஜினியரம்மா டேப்பை வைத்துப் பார்த்தார். நாலு விரல் உயரம்தான். அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

வரைபடம் வந்தது. வீட்டின் தளம் தெருவிலிருந்து ஒரே ஒரு அடி உயரம். கேட்டிலிருந்து படியே இல்லாமல், கைப்பிடியோடு ஒரு சரிவு நேராக உள்ளே போனது. தெருவைப் பார்த்த முன்னறை அத்தைக்கு. அத்தை அந்தத் தாளை வாங்கி, கேட்டிலிருந்து தன் அறை வரை விரலை இழுத்துப் பார்த்தார்.

"யாரும் பிடிக்காம நானா போயிருவேன்ல?"

"நீங்களாவே போவீங்கம்மா."

அஸ்திவாரம் முடிந்து, தளத்தைத் தாங்கும் பேஸ்மட்டச் சுவர் எழும்பியபோது எதிர்வீட்டுப் பங்காளி வந்து நின்றார். "என்னப்பா, சிங்கப்பூர் வீடு இப்புடிக் குந்தவச்சு ஒக்காந்திருக்கு? எங்க வாசல்ல நின்னா ஒங்க மொட்டமாடி தெரியும் போலயே" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான், அவர் மேல் குறையில்லை. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டுக்கு ஐந்து படி.

மறுநாள் கொத்தனாரிடம் இன்னும் மூன்று அடி ஏற்றச் சொன்னேன்.

"இன்ஜினியரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்ண்ணே."

"வீடு அவுகளுக்கா, எனக்கா?"

கணக்குப் பார்த்ததில் ஒற்றைப்படையாக ஏழு படி வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த வாரம் ஆர்க்கிடெக்ட் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை. "ஒரு அடி ஏத்துனா சரிவு பன்னெண்டு அடி நீளம் வேணும்ண்ணே. நாலு அடிக்கு எங்க போறது? ரோட்டுல போயி நிக்கும். அம்மாவுக்குத் தெரியுமா?"

"அக்காதான் ஏத்தச் சொன்னாக" என்றேன்.

அவர் இங்கிட்டு அங்கிட்டுப் பார்க்காமல் கொட்டகைக்குப் போனார். சிமெண்டு மூட்டை வைக்கப் போட்ட கீற்றுக் கொட்டகை அது. பழைய வீட்டை இடித்ததிலிருந்து அத்தை அங்கேதான் இருந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீங்களாம்மா ஏத்தச் சொன்னீங்க?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஆமா தாயி, நான்தான் சொன்னேன். தம்பி வீடு தாழ இருக்கக் கூடாதுல்ல" என்றார்.

ஏற்றிய சுவருக்குள் அப்போது மண்கூடக் கொட்டவில்லை. இறக்கியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

புதுமனை புகுந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் அத்தையைத் தூக்கிப்போனார்கள். "நான் என்ன சாமியாப்பா, பல்லக்குல தூக்குறீங்க" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் தன்னைக் கீழே இறக்கிவிடச் சொன்னார். அதன்பிறகு மேலே வரவில்லை. நான் கொட்டகைக்குத் தளம் போட்டு, ஃபேன் மாட்டி, பக்கத்தில் ஒரு கழிப்பறையும் கட்டிக்கொடுத்து, அக்காவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். முன்னறையில் டிவி வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் காலமானார்.

துக்கத்துக்கு அந்த ஆர்க்கிடெக்டும் வந்திருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா ஏத்தச் சொல்லலம்மா. நான் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும்ண்ணே. அம்மா என்னையப் பாத்துச் சொல்லல. ஒங்களப் பாத்துத்தான் சொன்னாங்க."

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மூன்று வேளையும் படியிறங்கிப் போய்ச் சோறு கொடுத்தவர் உங்கள் அம்மா. கூட வேலை பார்த்த முந்திரிக் கொட்டகைத் தோழிகள் வாரம் தவறாமல் வந்து அத்தையைச் சிரிக்கவைத்தார்கள், ஆஸ்பத்திரியிலும் முறைவைத்துத் துணைக்கு இருந்தார்கள். அத்தையின் காலை அளந்து வீடு வரைந்த அந்தப் பெண் என்மேல் ஒரு குறையும் வெளியே சொல்லவில்லை. எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

பிள்ளைகளே, அத்தை ஏன் மேலே வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், கொட்டகைதான் காற்றாக இருக்கிறது, அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் நீங்களும் அதையே சொன்னதைக் காதால் கேட்டேன். அத்தைக்குப் பிடித்தது முன்னறை. வரவிடாமல் செய்தது நான். இனி கேட்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.