தமிழ் விளங்காதவர்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு சீட்டு விளையாட்டுக் கடை. ஆளுக்கு ஆறு சீட்டுப் பொதி கொடுப்பார்கள். அதில் வந்த சீட்டுகளை மட்டும் வைத்து நால்வர் தனித்தனியாக மோத வேண்டும்; கடைசிவரை நிற்பவருக்கே வெற்றி. எனக்கு வந்ததெல்லாம் சோடை. மேசையில் இருவர் ஜெர்மன்காரர். எதிரே இருந்த நரைத்த தாடிக்காரர் "ஒண்டு, ரெண்டு" என்று உதட்டுக்குள் சீட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தார். பயத்தில் தமிழிலேயே கெஞ்சினேன்.

"அண்ணை, இப்ப என்னை அடிக்காதேங்கோ."

அவர் முகம் வெளிறியது. விளங்கவில்லை என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, என்னைத்தான் முதலில் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார்.

பிறகு பேருந்து நிறுத்தத்தில் கிட்ட வந்தார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. ரெண்டு தமிழர் கதைச்சால், மற்றவை கூட்டு எண்டு நினைச்சு ரெண்டு பேரையும் முடிச்சுப்போடுவினம்."

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. ஆனாலும் நாலு பக்கமும் பார்த்த பிறகுதான் அதைச் சொன்னார்.