வெள்ளிப் பாதம்

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் கல் குவாரி கேம்ப்பில் எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவன் இப்போது ஏதோ ஒரு பனி நாட்டில் துப்பாக்கியோடு நிற்கிறான். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி. மிளகாயும் உளுந்தும் போட்டு, மழை ஏமாற்றியதால் குவாரிக்கு வந்தவன். ரூமில் கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மாட்டான். பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுவான். அது அவனுக்கு முன்னால் திரும்பி வந்துவிடும். அவனைப் பட்டாளத்தில் கொண்டுபோய்த் தள்ளியவன் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்பதை அச்சில் எழுத முடியாது.

நடந்தது இதுதான். காண்ட்ராக்ட் முடிந்து கம்பெனி விசாவை கேன்சல் செய்தது. வெறுங்கையோடு ஊருக்குப் போக அவனுக்கு மனசில்லை. டீக்கடையில் ஓர் ஏஜெண்ட், "பாய், கானா பனானா ஹை, பஸ்" என்றான். பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டால் போதும், சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். அவன் சமைக்கும் முறை எப்போது வரும் என்று காத்திருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. போய் இறங்கியதும் புரியாத பாஷையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கரண்டியைக் கண்ணிலேயே காட்டவில்லை. சில நாள் சுடப் பழக்கி, சண்டை நடக்கிற இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

வாட்ஸப்பில் குரல் அனுப்புவான். "அண்ணாச்சி, இங்க மண்ணு அப்படியே நம்மூர்க் கரிசலு. பருத்தி போட்டா ஆளு உசரத்துக்கு வரும். இதுல போயி பதுங்குகுழி வெட்டச் சொல்லுதானுவ."

அவனை மீட்கச் சொல்லி நாங்கள் மெயில் போடாத ஆபீஸ் இல்லை. "கிடைத்தது" என்று பதில் வந்தது. மெயில் கிடைத்ததாம்.

பிறகு அங்கே மழையும் பனியும் சேர்ந்து கொட்டின. ஈரக் கரிசலில் செருப்போடு நடக்கிற சம்சாரி உண்டா? மண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை கனக்கும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். இவனும் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறான். சேறு நம்மூர்ச் சேறுதான், குளிர் நம்மூர்க் குளிரில்லை. இடது கால் விரல்கள் கறுத்துப்போய் ஆஸ்பத்திரியில் படுத்தான்.

அங்கிருந்து வந்த குரலில்தான் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது. "காலை எடுத்துட்டா ஊருக்கு அனுப்பிருவாகளாம் அண்ணாச்சி. ஒத்தக் காலோட மிளகா பறிக்க முடியாதா என்ன?"

அன்றிலிருந்து எங்கள் ரூமில் எல்லோரும் காலண்டர் முருகனைக் கும்பிட்டு, அந்தக் கால் தேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டோம். சொல்லவே வாய் கூசியது. வேறு எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் நன்றாகவே பார்த்தார்கள். போன வாரம் அவன் குரல் வந்தது. "கால் சரியாயிட்டு அண்ணாச்சி. நாளைக்கு மறுபடியும் சண்டைக்குப் போகச் சொல்லுதாக." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு கிடக்கிறது.

நேற்று அவன் மனைவி கூப்பிட்டாள். அவளுக்கு அது சமையல் வேலை என்றுதான் இன்னும் நினைப்பு. கொதிக்கிற குழம்பு காலில் கொட்டிவிட்டது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தான்.

"கால் தேறிட்டுன்னு சொன்னாக அண்ணாச்சி. மாரியாத்தாவுக்கு நேந்திருந்தேன், அவ கைவிடல. வெள்ளிக்கிழம வெள்ளியில பாதம் வாங்கிச் செலுத்தணும். நொந்த காலு மட்டும் போதும்னு பூசாரி சொல்லுதாரு. எந்தக் காலுன்னு கேக்க மறந்துட்டேன், இப்ப போனும் போக மாட்டேங்கு. ஒங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் ரூமே சேர்ந்து வேண்டியதை இவள் ஒருத்தியின் வேண்டுதல் தோற்கடித்துவிட்டது. அதை இவளிடம் எப்படிச் சொல்ல?

"எடது காலும்மா" என்றேன்.