சிறைக்கூடத்தில் பார்த்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தவர்களை அப்பா வீட்டுக்கு அழைக்கவில்லை. மைசூரில் அப்போது நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். பொதுக் கக்கூஸுக்கு ஆட்கள் காத்து நிற்கும் நடையைத் தாண்டித்தான் எங்கள் கதவுக்கே வரமுடியும். ஊருக்கெல்லாம் வீடு கட்டும் மேஸ்திரி இப்படியா இருக்கிறார் என்று கேட்டுவிடுவார்களாம்.

"ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரச் சொல்லிடலாம். ஊர் சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு, பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார் அப்பா.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஸ்.டி.டி. பூத் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவின் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு அப்பா அம்மாவோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். ஈரோட்டில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல உயரம். பார்த்ததும் பிடிக்கத்தான் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆற்றோரம் இருக்கும் பாதாளச் சிறைக்குப் போனோம். படியிறங்கினால் வௌவால் நாற்றம். சுவரோரம் வரிசையாகக் கல் பலகைகள். கைதிகளின் கைகளை விரித்துச் சங்கிலியால் கட்டியதற்கான துளைகள். ஆற்றுத் தண்ணீரை உள்ளே விட்டுக் கழுத்துவரை நிற்க வைப்பார்களாம். மாப்பிள்ளை சட்டென்று ஒரு பலகையில் சாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, நாக்கைத் தள்ளிக் காட்டினார்.

"அம்மா, ஒரு போட்டோ எடு. கல்யாணமானா நம்ம கதி இதுதானே!"

அவர் அம்மா கேமராவை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் அப்பாவும் சிரித்தார். எத்தனையோ பேர் உயிர் போகக் கத்திய இடம் அது.

பிறகு அப்பாவும் மாப்பிள்ளையும் உள்ளே இருட்டான பக்கம் போனார்கள். அப்பா முதலில் திரும்பி வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இரண்டடி நகர்ந்து எட்டிப் பார்த்தேன். மூலையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கல் தரையில் நெளிந்து நெளிந்து வந்த ஈரம் என் செருப்பை நோக்கி ஓடிவந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வெளியே ஓடினேன்.

"என்னாச்சும்மா?" என்றார் அப்பா.

"நாத்தம்" என்றேன்.

குதிரை வண்டியில் கோடைக்கால மாளிகைக்குப் போனோம். மாளிகையின் சுவர் முழுக்கப் போர்க்காட்சிகள்: யானைகள், பீரங்கிகள், மீசை வைத்த நூற்றுக்கணக்கான சிப்பாய்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை ஆள்காட்டி விரலை வாயில் விட்டு எச்சில் தொட்டு, ஒரு சிப்பாயின் முகத்தில் வைத்துத் தேய்த்தார். பட்டறையில் துணிக்குச் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி. சிறைக்கூடத்திலிருந்து கழுவாமல் வந்த கை. அந்த விரல் அவர் வாய்க்குள் போய்வந்ததை நான் பார்த்தேன்.

விரல் நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா, சாயம் போவுது. மட்ட சரக்குங்க."

தூரத்திலிருந்து காவலாளி, தொடாதீர்கள் என்று கன்னடத்தில் கத்தினார்: "முட்டபேடி! முட்டபேடி!"

"முட்டையா? கொண்டு வரலீங்களே!" என்று மாப்பிள்ளை திருப்பிக் கத்த, அவர் அம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு.

மத்தியானம் ஆறு கூடும் சங்கமத்துக்குப் போனோம். படித்துறையில் எச்சில் இலைகள், அழுகிய மாலைகள், யாரோ விட்டுப்போன ஈரத்துணி. அதற்கு நடுவே துண்டை விரித்து உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சப்பாத்தியை அப்பா எனக்குப் பிட்டுத் தந்தார். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முடித்துவிடும் மும்முரத்தில் இருந்தார்கள். அவர் அம்மா மைசூர்பாகு டப்பாவைத் திறந்து மகனிடம் கொடுத்தார்.

"உன் கையால குடு கண்ணு. வாய் இனிச்சாப் போதும், மீதியப் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நெய் வழிந்த அந்த விரலில் சிவப்பு இன்னும் இருந்தது. நான் கை நீட்டவில்லை.

"வெக்கப்படுது புள்ள" என்றார் அவர் அம்மா.

"வெக்கமில்லீங்க. இவர் கை கழுவல. அந்த ஜெயில்ல மூலையில நின்னுட்டு வந்ததிலேருந்து கழுவல."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்னே இரு" என்று கன்னடத்தில் அடக்கினார். மாப்பிள்ளையின் காது சிவந்தது. நீட்டிய துண்டைத் தன் வாயிலேயே போட்டு மென்றார். அவர் அம்மா டப்பாவை மூடினார்.

"ஆம்பளைங்க எங்க வேணா போவாங்க. இதையெல்லாம் ஒரு பொண்ணு கவனிக்கிறதே அசிங்கமுங்க" என்றார்.

எங்களை விட்டுவிட்டு அதே குதிரை வண்டியில் அவர்கள் போய்விட்டார்கள். பஸ்ஸில் அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தித் தீர்த்தார்: நல்ல இடம் போச்சு, பட்டறை போச்சு, இந்த வாய்க்கு எவன் வருவான். கத்தி முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுப்படியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே சொன்னாள்:

"அவனை மட்டும் சொல்றியே. அந்த மூலையில முதல்ல போய் நின்னது உங்கப்பாதான். 'வாங்க மாப்ள, இங்க யாரும் வரமாட்டாங்க'ன்னு அவருதான் கூப்பிட்டாரு, என் காதுல விழுந்துச்சு."

"நீ பாத்தியா?"

"இருபத்திரெண்டு வருசமா பாக்கறேன். செவுரு கண்டா நிப்பாரு."

எனக்கு அழுகை வரவில்லை. படியிறங்கியபோது வந்த அந்த நாற்றம் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது. மத்தியானம் படித்துறையில் அப்பா தன் கையால் எனக்குப் பிட்டுத் தந்த சப்பாத்தி நினைவுக்கு வந்தது. பின்பக்கம் போய் வாந்தியெடுத்தேன்.

பெண்ணுக்கு வாய் நீளம் என்று தரகர் மூலம் சேதி வந்தது. அப்பா அதைச் சொன்னபோது சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். இருந்தாலும் அவர் சோற்றைப் பிசைவதைப் பார்க்க முடியாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் பல மாதங்கள் நான் அங்கேதான் சாப்பிட்டேன்.